மன்னார் மண்ணும் உலோகங்காண் கருவியும்

மன்னார்த் தீவிலும் அதற்கு எதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் உலோகங்காண் கருவியின் வரலாறு மற்ற நாடுகளில் சென்ற வழியில் செல்லவில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் படையினரிடம் மிஞ்சிய கருவிகள் மலிவு விலைக்கு விற்கப்பட்டு, கடற்கரையில் தொலைந்த மோதிரத்தையும் உழுத வயலில் கிடக்கும் பழைய நாணயத்தையும் தேடுவோரின் பொழுதுபோக்குச் சாதனமாயின. மன்னாரிலோ, தேடத்தக்க நாணயங்கள் மண்ணுள் ஏராளமாக இருந்தபோதிலும், ஊரார் கையில் இக்கருவி வந்து சேர்ந்தது நாணயத்துக்காக அன்று, மிதிவெடிக்காக. அதனால் இங்கே புதிதாகக் கற்பவர் ஒருவருக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடமே வேறாக இருந்தது: கருவி எழுப்பும் எந்த ஓசையையும் குப்பை என்று ஒதுக்கக் கூடாது என்பதே அப்பாடம்.

இந்த நிலத்தில் உலோகம் சேர்ந்த காலம் நீண்டது. பாலாவியின் கரையில், தேவாரம் பாடிய சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்து கிடக்கும் மாதோட்டம் அல்லது மாந்தை, இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் பெருந்துறைகளுள் ஒன்றாகப் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது. 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் அங்கு நடந்த அகழாய்வு சீனப் பீங்கானையும் மேற்காசிய மெருகுக் கலங்களையும் மணிகளையும் வெளிக்கொணர்ந்தது. நாடு போருக்குள் சென்றதும் பணி நின்றுபோனது, முழு அறிக்கை நூலாக வெளிவந்ததோ 2013ஆம் ஆண்டில்தான். தீவின் வாயிலில் போர்த்துக்கேயர் 1560இல் கட்டிய கோட்டை 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. 1914இல் தலைமன்னார்த் துறைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பலும் இரு கரைகளிலும் ரயிலும் ஓடத் தொடங்கியபோது தண்டவாளம், மரையாணி, இரும்புப் பாலம் எனப் புதியதோர் உலோகப் படை நிலத்தின்மேல் பரவியது. அதன்மேல் வந்த படை போரினுடையது.

கருவியின் அடிப்படை எளியது. ஒரு கம்பிச்சுருளில் மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அதைச் சுற்றி மாறுகின்ற காந்தப் புலம் ஒன்று உண்டாகும். அந்தப் புலத்துள் ஏதேனும் உலோகம் இருந்தால் அவ்வுலோகத்தினுள்ளே சிறு சிறு சுழல் மின்னோட்டங்கள் தோன்றும். அவை தம் பங்குக்கு எழுப்பும் மெல்லிய காந்தப் புலத்தைக் கருவி உணர்ந்து ஓசையாக மாற்றித் தரும். 1879இல் டேவிட் ஹியூஸ் இந்தத் தத்துவத்தில் ஒரு தராசை அமைத்தார். இரண்டே ஆண்டுகளில், தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், துப்பாக்கியால் சுடப்பட்டுப் படுத்திருந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று தேட இதே முறையில் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். கட்டில் மெத்தையினுள் இருந்த எஃகுச் சுருள்கள் ஓசையைக் குழப்பின என்று சொல்லப்படுகிறது. மருத்துவரும் தாம் குண்டு இருப்பதாக நம்பிய வலப்பக்கத்தைத் தவிர வேறெங்கும் தேட இடந்தரவில்லை. 1881 செப்டெம்பரில் கார்ஃபீல்ட் இறந்தபின் நடந்த பரிசோதனையில் குண்டு இடப்பக்கத்தில் இருந்தது. சூழலில் வேறென்ன உலோகம் உள்ளது என்று முதலில் அறியாமலும், கிடைக்கும் என்று எண்ணிய இடத்தில் மட்டுமே தேடியும் தோற்ற இந்த முதல் முயற்சியில், பின்னாளில் வந்த பயிற்சியாளர்கள் திருத்த வேண்டியிருந்த இரு பெரும் பிழைகளும் ஏற்கெனவே அடங்கியிருந்தன.

மண்ணுள் புதைந்த வெடியைத் தேடத்தக்க கையடக்கக் கருவியை, நாடிழந்து ஸ்கொட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படையின் லெப்டினன்ட் யோசஃப் கொசாட்ஸ்கி 1941இல் வடிவமைத்தார். அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை; அவரது குடும்பம் நாஜிகளின் ஆட்சிக்குள் அகப்பட்டிருந்ததால் பெயரும் மறைக்கப்பட்டது. 1942 அக்டோபரில் எல் அலமெயின் போரில் அக்கருவி பாலைவன மணலில் வழி திறந்தது. ஆனால் கருவி வெற்றி பெற்ற வேகத்திலேயே அதை ஏமாற்றும் கலையும் வளர்ந்தது. ஜெர்மானியர் மரப்பெட்டியில் அடைத்த மிதிவெடியையும் கண்ணாடியால் செய்த மிதிவெடியையும் புதைத்தனர்; வெடியின் உடலிலிருந்து உலோகத்தை முடிந்தவரை நீக்கிவிட்டால் தேடுபவனின் காதில் ஒன்றும் விழாது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கே அரை நூற்றாண்டு கழித்து மன்னார்க் கரையிலும் வந்து நின்றது.

இலங்கை அரசுப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே நடந்த வன்னிப் போரின் மேற்கு முகம் மன்னார். தள்ளாடியிலிருந்து உயிலங்குளம் வரையும் அதற்கப்பாலும், நெல்வயல்களையும் கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால்களையும் ஊடறுத்து முன்னரங்கக் காவலரண்கள் ஆண்டுக்கணக்கில் நின்றன. படையினர் புதைத்தவற்றுள் பாகிஸ்தானில் செய்யப்பட்ட பி-4 வகையும் சீனாவின் 72ஆம் வகையும் பிளாஸ்டிக் உடல் கொண்டவை; விடுதலைப் புலிகள் செய்த ஜொனி 95 மரப்பெட்டியால் ஆனது, ரங்கன் 99 பி-4ஐப் பார்த்து வார்க்கப்பட்டது. இவற்றில் உலோகம் என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் வெடிதூண்டியின் மெல்லிய உறையும் ஒரு சிறு சுருளும் ஊசிமுனையும் மட்டுமே. மிதிவெடி ஒவ்வொன்றிலும் குறைந்தது 8 கிராம் இரும்புக்கு ஈடான உலோகம் இருந்தாக வேண்டும் என்று 1996இல் திருத்தப்பட்ட சர்வதேச நெறிமுறை ஒன்று விதித்தது. அந்த அளவுக்கு எவ்வளவோ கீழே இருக்கும்படியே இந்த வகைகள் செய்யப்பட்டிருந்தன. படைத்தரப்பின் வெடிகள் பெரும்பாலும் வரிசை வரிசையாக, பதிவேட்டுடன் புதைக்கப்பட்டவை. போர் நகர்ந்துகொண்டே சென்ற 2007, 2008ஆம் ஆண்டுகளில், சிலாவத்துறையும் அடம்பனும் விடத்தல்தீவும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறியபோது புதைக்கப்பட்டவற்றுக்கோ வரிசையும் இல்லை, வரைபடமும் இல்லை.

2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையைத் தொடர்ந்துதான் குடிமக்களுக்காகக் கண்ணிவெடி அகற்றும் பணி வடக்கில் ஒழுங்காகத் தொடங்கியது. படையினரின் நோக்கம் தாக்குதலுக்கு ஒரு பாதை திறப்பது. மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றல் என்று பெயர் பெற்ற இப்பணியின் நோக்கம் ஒரு வயலின் ஒவ்வொரு சாண் நிலத்தையும் உழுபவர் கையில் ஐயமின்றி ஒப்படைப்பது. பிரித்தானியாவின் மாக் நிறுவனமும் சுவிட்சர்லாந்தின் எஃப்.எஸ்.டி.யும் முன்னாள் இந்தியப் படையினரைக் கொண்ட ஹொரைசன், சர்வத்ரா ஆகிய அமைப்புகளும் மன்னார் மாவட்டத்தில் பணியாற்றின. இலங்கைப் படையின் தனிப்பிரிவும், பின்னர் டாஷ் என்ற உள்நாட்டு அமைப்பும் சேர்ந்துகொண்டன. 2010இல் அமைந்த தேசிய கண்ணிவெடி நடவடிக்கை மையம் இவர்களுக்கு நிலத்தைப் பகிர்ந்தளித்தது. மேற்பார்வைக்கு வெளிநாட்டார் வந்தாலும் கருவியைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் வடக்கின் ஊர்களைச் சேர்ந்தவர்களே. கமக்காரர், கடற்றொழிலாளர், கணவனைப் போரில் இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கிய பெண்கள் ஆகியோர் சில வாரப் பயிற்சியின் முடிவில் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தனர். அவர்களுள் பலர் அதுவரை மின்னணுக் கருவி எதையும் தொழிலுக்காகக் கையாண்டவர்கள் அல்லர் என்பதை மறந்துவிட்டால், அந்தப் பயிற்சி எவ்வளவு நிதானமாக அமைந்தது என்பது விளங்காது.

பயிற்சி உண்மையான வெடி எதுவும் இல்லாத வெற்றுத் திடலில் தொடங்கும். கருவி ஒரு நீண்ட தண்டு; கீழே தட்டு அல்லது வளையம் போன்ற தலைப்பகுதி (தேடுதலை), அதனுள்ளே கம்பிச்சுருள், மேலே மின்கலமும் ஒலிப்பெட்டியும். நாள்தோறும் வேலைக்கு முன், குறிக்கப்பட்ட ஆழத்தில் வைத்த சோதனைத் துண்டின்மேல் கருவியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அத்துண்டின் உலோக அளவு அந்த நிலத்தில் எதிர்பார்க்கப்படும் மிகச் சிறிய வெடியின் அளவை ஒத்தது. அதைக் கருவி சொல்லாவிட்டால் அன்று அக்கருவிக்கு வேலை இல்லை. இது சடங்கு போலத் தோன்றினும், மின்கலம் தளர்ந்ததையும் வடம் ஒடிந்ததையும் கண்டுபிடிக்கும் ஒரே நேரம் இதுவே. கருவி ஊமையாகிவிட்டதைக் களத்தில் வேறெந்த அறிகுறியும் காட்டாது, ஏனெனில் உலோகமில்லாத மண்ணும் அப்படியே மௌனமாக இருக்கும்.

அடுத்து வீசும் பாங்கு. புதிதாகக் கற்பவர் எவராயினும் கருவியை இடமும் வலமும் அசைக்கும்போது, தேடுதலை ஊஞ்சலைப் போல இரு ஓரங்களிலும் மேலெழுந்துவிடும். மேலெழும் ஒவ்வொரு விரற்கடைக்கும் மண்ணுள் எட்டும் ஆழம் குறையும். ஆகவே தேடுதலை நிலத்துக்கு இணையாக, தொட்டும் தொடாமலும் செல்ல வேண்டும். ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடையில் இடைவெளி விழாதபடி முந்தைய தடத்தின் ஒரு பகுதியை மீண்டும் மூட வேண்டும். அகற்றுபவர் முன்னேறும் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலமுள்ள ஒழுங்கையின் இரு பக்க எல்லைகளையும் சற்றுத் தாண்டியே வீச்சு முடிய வேண்டும். இத்தனையும் தெரிந்தவர்க்கு வேகம் இயல்பாகவே குறையும். வேகமாகச் செய்பவரைப் பாராட்டாத தொழில்கள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று.

ஓசை எழுந்தால், எழுந்த இடம் வேறு, உலோகம் கிடக்கும் இடம் வேறு. தேடுதலை அகன்றது, அதன் விளிம்பு பொருளை நெருங்கும்போதே ஒலி தொடங்கிவிடும். எனவே கற்பவர் முன்னிருந்தும் பின்னிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் தனித்தனியே அணுகி, ஒலி தொடங்கும் புள்ளியை ஒவ்வொரு திசையிலும் குறித்து, நான்குக்கும் நடுவைக் கண்டு அடையாளம் வைப்பார். ஆழம் குறைந்த சிறு ஊசி கூர்மையாகவும் குறுகலாகவும் ஒலிக்கும். ஆழத்தில் கிடக்கும் பெரிய துண்டு பரந்து மங்கலாக ஒலிக்கும். அனுபவமுள்ள காது இந்த வேறுபாட்டை அறியும், ஆயினும் அந்த அறிவை வைத்து முடிவெடுக்க அதற்கு உரிமை இல்லை. பின்னர் அடையாளத்துக்குச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்கி, வெடியின் மேற்புறத்தை அழுத்தாமல் பக்கவாட்டில் நெருங்கும்படி, மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றிச் செல்வர். முகத்துக்குக் கண்ணாடி போன்ற தடித்த கவசமும் மார்புக்கும் மடிக்கும் கனத்த மேலங்கியும் உண்டு. மன்னாரின் சித்திரை வெயிலில் அவற்றுள் இருந்து மண்டியிட்டுச் செய்யும் வேலை இது என்பதால் குறித்த இடைவேளைகளில் ஓய்வு விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. வெளிவந்தது பழைய ஆணியாக இருந்தால் வேலை முடியாது. ஒரே இடத்தில் மேலே கிடக்கும் பெரிய உலோகம் கீழே கிடக்கும் சிறியதன் ஒலியை மூடிவிடும் என்பதால், எடுத்த குழியின்மேல் மீண்டும் வீசிப் பார்த்தாக வேண்டும்.

பொழுதுபோக்குக் கருவிகளில் பிரித்தறியும் வசதி ஒன்று உண்டு. உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டம் எவ்வளவு தாமதித்து விடை தருகிறது என்பதை அளந்து, இரும்பு ஆணியையும் தகர மூடியையும் மௌனமாக்கி, வெள்ளியையும் செம்பையும் மட்டும் ஒலிக்கச் செய்யும் அமைப்பு அது. கடற்கரையில் மோதிரம் தேடப் புறப்படும் தொடக்கநிலையாளர் முதலில் நாடுவதும் அதையே. மிதிவெடி நிலத்தில் அதற்கு இடமில்லை. வெடிதூண்டியின் அலுமினிய உறை தருகின்ற விடையும் சிகரட் பெட்டியின் ஈயத்தாள் தருகின்ற விடையும் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஒன்றை மௌனமாக்கினால் மற்றதும் மௌனமாகும். ஆகவே வெற்றுத் தோட்டாக் கூடும் எறிகணைச் சிதறலும் மீன்ரின் மூடியும் முள்ளுக்கம்பித் துண்டும் வெடிக்குரிய அதே மரியாதையுடன் தோண்டி எடுக்கப்பட்டன. ஒரு மிதிவெடிக்காகப் பல நூறு துண்டு குப்பை வெளிவந்த நாட்கள் இத்தொழிலில் வழமையானவை.

மண்ணும் தன் பங்குக்குப் பேசும். மன்னார்த் தீவின் மணலில் இல்மனைட் முதலிய கனிமங்கள் கலந்த கருமணற் படுகைகள் உள்ளன. அவற்றின் பெயரால் அகழ்வு அனுமதி கோரப்பட்டதும் தீவு மக்கள் எதிர்த்ததும் அண்மைக் கால வரலாறு. இரும்புச் சத்துள்ள இவ்வகைக் கனிமங்கள் உலோகமே இல்லாத இடத்திலும் கருவியை முனகச் செய்யும். கடல்நீர் ஏறியிறங்கும் உவர் வெளிகளிலோ உப்பு கரைந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்துவதால் வேறுவகைக் குழப்பம் எழும். அதே இடம் கோடையில் காய்ந்து கிடக்கும்போது அமைதியாக இருக்கும். இதற்காக இக்காலக் கருவிகளில் மண்ணுக்கு ஏற்பச் சமன்செய்யும் ஏற்பாடு உண்டு: உலோகமற்றது என்று உறுதிசெய்த இடத்தில் தேடுதலையை உயர்த்தித் தாழ்த்தி, அந்த மண்ணின் விடையைக் கருவியே கற்றுக் கழித்துவிடும்படி செய்வது. மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்தாமல் துடிப்புத் துடிப்பாகச் செலுத்தி, துடிப்பு அடங்கியபின் எஞ்சும் விடையை மட்டும் கேட்கும் வகைகளும் இத்தகைய நிலங்களுக்காகவே விரும்பப்பட்டன. எனினும் சமன்செய்தல் ஒரு பேரம். மண்ணின் முனகலைக் கழிக்கும்போது மிகச் சிறிய உலோகத்தின் விடையும் சேர்ந்து கழியக்கூடும். ஆகவே சமன்செய்த பின் மீண்டும் சோதனைத் துண்டுக்கே திரும்ப வேண்டும். வாடைக்காற்றோடு மழை இறங்கி வயல்கள் நீருள் மூழ்கும் மாதங்களில் எந்தக் கருவியாலும் பயனில்லை. நீர் வடிந்தபின் வெள்ளம் சில வெடிகளை இடம்பெயர்த்திருக்கும் என்ற அச்சமும் கூடவே வந்தது.

காவலரண் வரிசைகளை ஒட்டிய நிலங்களில் தோட்டாவும் சிதறலும் அத்தனை அடர்ந்து கிடந்ததால் கருவி இடைவிடாது ஒலித்தது. எப்போதும் ஒலிக்கும் கருவி ஒன்றும் சொல்லாத கருவிக்குச் சமம். இத்தகைய இடங்களுக்கு இலங்கையில் கைக்கொள்ளப்பட்ட விடை மின்னணுவியலிலிருந்து வரவில்லை. நீண்ட பிடியும் உறுதியான பற்களும் கொண்ட வாரியால் மேல்மண் முழுவதையும் வேண்டிய ஆழம் வரை பக்கவாட்டிலிருந்து சுரண்டி இழுத்து, வெடியைக் கண்ணாலேயே காணும் முறை இங்கே முன்பே கையாளப்பட்டு வந்தது. 2002க்குப் பின் வந்த நிறுவனங்கள் அதைத் திருத்தி ஏற்றுக்கொண்டன. கடும் பாறை நிலத்தில் இது நடவாது. வடக்கின் தளர்ந்த மணற்பாங்கான நிலமே அதற்கு இடந்தந்தது. உலகின் நவீனக் கருவிகளைக் கொண்டுவந்தவர்கள் தோட்டத்துக் குப்பை வாரும் கருவியின் உறவுக்காரனிடம் பாடம் கேட்டது இத்தொழிலின் வரலாற்றில் வெட்கப்பட வேண்டிய செய்தியன்று. எந்த நிலத்தில் கருவியைக் கீழே வைப்பது என்று அறிவதும் அதைக் கற்றுக்கொண்டதன் ஒரு பகுதியே.

ரயில் பாதை இதற்கெல்லாம் ஒரு தனிச் சோதனை. 1990இல் தலைமன்னார்ச் சேவை நின்றபின் பாதை போருக்குள் அகப்பட்டுச் சிதைந்தது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை சுமார் 106 கிலோமீற்றர் நீளமுள்ள அந்தப் பாதையை இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் மீண்டும் அமைத்தது. 2013 மே மாதம் மடுவீதி வரையும் 2015 மார்ச்சில் தலைமன்னார் வரையும் ரயில் வந்தது. அதற்குமுன் அந்த நிலம் முழுவதும் வெடி நீக்கித் தரப்பட வேண்டியிருந்தது. ஒரு நூற்றாண்டின் மரையாணிகளும் இரும்புத் துகளும் கலந்த அணைமண்ணில், எல்லா ஓசையையும் மதிக்க வேண்டும் என்ற விதியின் முழுப் பாரமும் வெளிப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கக் கல்விமான் ஆக வேண்டியதில்லை.

இதே கருவிக்கு இலங்கையில் இன்னொரு வாழ்க்கையும் உண்டு. புதையல் தேடித் தோண்டியவர்கள் ஸ்கேனர் இயந்திரத்துடன் கைது என்ற செய்தி நாளேடுகளில் அடிக்கடி காணப்படுவது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரம் இன்றித் தொல்பொருளுக்காக நிலத்தை அகழ்வதைக் குற்றமாக்கியிருக்கிறது. தண்டனைகள் பின்னர் கடுமையாக்கப்பட்டன. ஆயினும் போர்க்காலத்தில் புதைக்கப்பட்டதாகப் பேசப்படும் பொன்னின் கதை பழைய அரசர் புதையல் கதையோடு சேர்ந்து ஆசையை வளர்த்தது. வன்னியில் நீதிமன்ற அனுமதியுடன் நடந்த அத்தகைய தேடல்களே பல உண்டு. மாந்தை மேட்டைப் போன்ற இடத்தில் ஓசை கேட்ட இடத்தைத் தோண்டுபவர் நாணயத்தைப் பெறலாம்; அந்நாணயம் எந்த மண்ணடுக்கில், எந்த ஓட்டோடும் மணியோடும் கிடந்தது என்ற செய்தியை, அதாவது வரலாற்றுக்கு உண்மையில் வேண்டியதை, அழித்துவிடுவார். மிதிவெடியை அகற்றுபவரோ கண்டெடுத்த ஒவ்வொன்றின் இடத்தையும் ஆழத்தையும் வகையையும் பதிவேட்டில் எழுதும் கட்டாயம் உடையவர். அந்தப் பதிவேடுகளில் முன்னரங்கு எங்கே ஓடியது, எந்தக் காலத்தில் எந்தப் பக்கம் எதைப் புதைத்தது என்பதெல்லாம் படையின் அறிக்கைகளைவிட நுட்பமாகப் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால், நாளை இப்போரின் புவியியலை எழுத முற்படுவோர் முதலில் நாட வேண்டியவை அவையே.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது; அது 2018 ஜூன் 1 முதல் நாட்டைக் கட்டுப்படுத்தியது. கையிருப்பிலுள்ள வெடிகள் அழிக்கப்பட வேண்டும் என்று கூறும் அவ்வுடன்படிக்கை, தன் மூன்றாம் உறுப்புரையில் ஒரு விலக்கையும் தந்திருக்கிறது: வெடிகளைக் கண்டறியவும் அகற்றவும் அழிக்கவும் பயிற்றுவிப்பதற்கும் அதற்கான உத்திகளை வளர்ப்பதற்கும் முற்றிலும் இன்றியமையாத சிறு எண்ணிக்கையை ஒரு நாடு வைத்துக்கொள்ளலாம். வெடியில்லா உலகை வேண்டி எழுதப்பட்ட ஆவணமே கற்பவருக்காகச் சில வெடிகளை விட்டுவைத்தது. நிலத்தை முழுதும் வெடி நீக்கி முடிக்க அதே உடன்படிக்கை இலங்கைக்கு விதித்த தவணை 2028 ஜூன் 1. உப்பு ஈரத்தின் முனகலையும் வெடிதூண்டியின் மெல்லொலியையும் பிரித்துக் கேட்கப் பழகிய அணிகளுக்கு அதன்பின் பழைய அளவில் வேலை இராது. எஞ்சிய ஒன்றிரண்டு வெடிகள் வீட்டு அத்திவாரத்திலோ பனந்தோப்பிலோ பின்னொரு காலத்தில் வெளிவரும்போது அழைக்கப்படுவதற்கு அவர்களுள் எத்தனை பேரை, எந்த நிறுவனத்தின்கீழ், யாருடைய பணத்தில் தொடர்ந்து பயிற்சியில் வைத்திருப்பது என்பது பணி முடிவை நெருங்கும் இவ்வேளையில் கொழும்பு தீர்மானிக்க வேண்டிய விடயமாகியிருக்கிறது.